நகைச்சுவையைக் கொன்றவர் யார்?

நம்மவர் மேடைகளில் நகைச்சுவை நாடகமொன்று தோற்றுப்போனால், அன்றிரவே கூடும் பஞ்சாயத்தில் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறவர் ஒருவரே. அவர் நாடகத்தை எழுதியவர். "வசனத்தில் சத்தில்லை, சிரிப்பே வரவில்லை" என்று தீர்ப்புக் கூறிவிட்டு எல்லோரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதே நாடகம் வெற்றி பெற்றுவிட்டாலோ, மாலை நடிகர் கழுத்துக்குப் போகிறது. தோல்விக்கு எழுத்தாளரும் வெற்றிக்கு நடிகருமே பொறுப்பாளிகள் என்றால், இவ்விருவருக்கும் நடுவே நின்று "இதை இப்போது சொல், இங்கே நிறுத்து, அங்கே வாய் திறவாதே" என்று ஆணையிட வேண்டிய நெறியாளர் எதற்காக இருக்கிறார்? விளம்பரத் தாளில் பெயர் போடுவதற்கும், திரை இழுப்பவனை அதட்டுவதற்குந்தானா?

நன்றாக எழுதப்பட்ட நகைச்சுவை நம்மிடையே தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்தன்று, நெறியாள்கையின் குறையே என்பது நம் கட்சி. இதனால் விளையும் கேடு சிரிப்புக் குறைந்துபோவது மட்டுமாயின் நாம் இத்தனை தாள்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. சிரிப்பு ஆள்மாறி விழுகிறது என்பதே நமது வழக்கு. அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கூட்டம், அடிபடுகிறவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துபோகிறது. எழுதியவர் கருதியது ஒன்று. மேடை செய்தது அதற்கு நேர்மாறு. தாளிலே ஓரெழுத்தும் மாறாமலேயே இது நடந்துவிடுகிறது.

சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்றொரு சொல் உண்டு. பாட்டு ஒன்றே, ஸ்வரங்களும் அவையே. ஆயினும் எடுத்த காலம் தவறினால் பாட்டின் உயிர் போய்விடுகிறது. நகைச்சுவைக்கும் அப்படியொரு காலப்பிரமாணம் உண்டு. கேள்விக்கும் விடைக்கும் நடுவே எத்தனை மூச்சு, விடை சொன்னபின் எத்தனை நேரம் அசையாதிருப்பது, சிரிப்பலை எழுந்து பாதி தணியும்போது அடுத்த சொல்லை எடுப்பதா, முற்றும் தணிந்தபின் எடுப்பதா என்பனவெல்லாம் அதில் அடங்கும். இவற்றை எழுத்தாளர் தாளில் எழுத முடியாது. எழுதினாலும் நடிகர் தனித்து நின்று கணிக்க முடியாது. ஏனெனில் நடிகருக்குத் தம் முகம் தெரியாது. எதிரே நின்று பார்ப்பவருக்கே அது தெரியும். அப்படிப் பார்ப்பவரே நெறியாளர்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையையே முதலில் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்றும் வகுத்தார். அதிகாரியின் ஆணவத்தை நோக்கி எழுதப்பட்ட எள்ளலை, ஏழையின் மடமையாக்கிக் காட்டிவிட ஒரு தவறான இடைநிறுத்தம் போதும். இதை நாம் ஏட்டிலிருந்து கற்கவில்லை, கண்ணால் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தானா ராத்தாப் பட்டணத்தில், தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் கூடி ஒரு சிறு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். மாலையானால் பனி இறங்கும். மழை பிடித்தால் தகரக் கூரையின்மேல் விழும் ஓசையில் பக்கத்திலிருப்பவர் பேச்சும் காதில் ஏறாது. நாடகத்தின் கதை பழைய காலத்துத் தேயிலைத் தோட்டத்தில் நடப்பது. 1929இல் இம்மலையில் போ தோட்டம் தொடங்கப்பட்ட நாள் முதல் காடு வெட்டியும் கன்று நட்டும் கொழுந்து கொய்தும் இவ்விடத்தை உண்டாக்கிய கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்று அவ்வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். ஆனால் நிறுவைக் களத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நாடகத்தின் உயிரான காட்சி அந்நிறுவைக் களமே. ஒரு பெண்பிள்ளை முப்பது ராத்தல் கொழுந்தோடு வந்து நிற்கிறாள். கிராணி குறிக்கிறார்: கூடைக்கு ஐந்து ராத்தல் கழிவு, மழை ஈரத்துக்கு எட்டு, முற்றின இலைக்குப் பத்து, காம்புக்கு ஏழு. கழித்தாயிற்று. ஆயினும் கிராணியின் பென்சில் நிற்கவில்லை. அப்போது அவள் கேட்கிறாள்: "அப்படின்னா ஐயா, இன்னைக்கு நான் ஒங்களுக்கு எத்தனை ராத்தல் பாக்கி?"

ஒரு வாக்கியந்தான். தோட்டத்துக் கணக்கு முழுவதையும் தலைகீழாகப் பிடித்து உதறுகிற வாக்கியம். எழுதிய இளைஞர் அதற்காகவே அக்காட்சியை எழுதியிருந்தார்.

மேடையில் நடந்தது என்ன? கிராணி வேடக்காரர் ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு குதி குதித்தார். குதிதோறும் மத்தளக்காரர் ஓர் அடி கொடுத்தார். பெண்வேடமிட்ட வாலிபர் தம் பங்குக்குச் சேலை தடுக்கி விழுந்தார், எழுந்தார், இடுப்பை ஒடித்து நடந்தார், கூடை உருண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஆரவாரத்துக்கும் கூரைமேல் விழுந்த மழைக்கும் நடுவே, அந்த ஒரே வாக்கியம் வேகமாகச் சொல்லப்பட்டு, யார் காதிலும் விழாமல் செத்தது. பின்வரிசை முதியவர்கள் சிரிக்கவில்லை. கொழுந்து கொய்தவளின் நடையைப் பார்த்து அவள் பேரப்பிள்ளைகள் சிரித்ததுதான் அன்றைய இலாபம்!

வழக்கம்போல் பஞ்சாயத்துக் கூடிற்று. முன்பாதியில் சிரிப்பு இருந்தும் முடிவில் சப்பென்று போயிற்றென்றும், எழுத்தில்தான் கோளாறென்றும் முடிவாயிற்று. அந்தப் பஞ்சாயத்தில் நாமும் இருந்து தலையாட்டினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் நாம் எழுதுவதில் நேர்மை இராது. ஏட்டை வாங்கி வீட்டில் வைத்துப் படித்துப் பார்த்தபின்புதான் நமக்கு வெட்கம் உண்டாயிற்று.

நிற்க. "நம் ஜனங்களுக்கு இப்படித்தான் வேண்டும், மெல்லச் சொன்னால் புரியாது, தோட்டத்துக் கூட்டத்துக்குக் குதியும் கூச்சலுந்தான் சரி" என்று சமாதானம் சொல்லுகிற ஒரு கூட்டம் உண்டு. இது தொழிலாளியை அவமதிக்கும் பேச்சு என்போம். அறுநூறு பேர் நிற்கும் களத்தில் கண்ணசைவால் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். துரை ஏறிவரும் மோட்டார் சைக்கிளின் ஓசையைக் கேட்டே அவருடைய மனநிலையைக் கணித்தவர்கள். கிராணிக்கு முன் வாய்விட்டுச் சிரிக்க முடியாத காலத்தில், முகத்தை அசைக்காமல் கேலி பேசும் கலையை வளர்த்தவர்கள். அவர்களுக்கு நுட்பம் புரியாது என்பவருக்கு நுட்பம் செய்யத் தெரியாது என்பதே உண்மை.

முன்னோர் இதை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியபோது, நாடகத்தை எழுதியவரும் அவரே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பயிற்றிய வாத்தியாரும் அவரே. எழுதியவரே காலப்பிரமாணத்தையும் வகுத்ததால் எழுத்துக்கும் மேடைக்கும் நடுவே பிளவில்லை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர். பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். விடியவிடிய நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். நாடகத்துக்கு நேரம் ஒரு பொருட்டு என்பதை நமக்கு உணர்த்தியவர் அவர்.

அவருடைய "சபாபதி"யையே எடுத்துக்கொள்வோம். அது 1941இல் படமாக வந்தது. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் நெறியாண்டார்கள். எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. எசமானாக டி. ஆர். இராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். இரத்தினமும் நடித்தார்கள். வேலைக்காரன் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு காரியத்தைக் கெடுப்பவன். ஒரே பெயரை இருவருக்கும் வைத்ததில்தான் எழுத்தின் கூர்மை இருக்கிறது. பணமுள்ளவன் மூடனாயிருந்தால் அவனுக்கு "ஐயா" பட்டம். பணமில்லாதவன் மூடனாயிருந்தால் அவனுக்கு "முட்டாள்" பட்டம். இந்நாடகத்தை இன்று நம் சங்கமொன்று மேடையேற்றுவதாக வைத்துக்கொள்வோம். எசமானின் அசட்டுத்தனத்தை விரைந்து கடந்துவிட்டு, வேலைக்காரனின் அசட்டுத்தனத்துக்கு மட்டும் நின்று நின்று சிரிப்பு வாங்கினால், அது வேலைக்காரரை ஏளனஞ் செய்யும் நாடகமாகிவிடும். இருவருக்கும் ஒரே அளவு நேரங் கொடுத்தால் செல்வத்தின் வேடத்தைக் கலைக்கும் நாடகமாக நிற்கும். இவ்விரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பது வசனமா, நெறியாள்கையா என்று வாசகர்களே சொல்லட்டும்.

"நல்லதம்பி" என்றவுடன் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். எழுதிய அண்ணாவும் நினைவுக்கு வருகிறார். "இரத்தக்கண்ணீர்" என்றவுடன் எம். ஆர். இராதா கண்முன் நிற்கிறார். எழுதிய திருவாரூர் தங்கராசுவையும் சிலர் சொல்வார்கள். முன்னது 1949, பின்னது 1954. இரண்டையும் நெறியாண்டவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு என்ற இரட்டையர் என்பதை எத்தனை பேர் சட்டென்று சொல்லுவார்கள்? நல்லதம்பியில் கலைவாணர் கதாகாலட்சேப முறையிலேயே கிந்தனார் கதையைச் சொல்லி, பழைய முறையைக் கொண்டே புதிய கருத்தை ஏற்றினார். இராதாவோ ஒரே தொண்டையைக் கொண்டு செல்வச் செருக்கையும் பின்னர் நோயுற்றவனின் கசப்பையும் பேசினார். இவர்கள் மேதைகள், மறுப்பவர் யார்? ஆயினும் அம்மேதை பேசும்போது எதிரே நிற்பவர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும், படக்கருவி யார் முகத்தைக் காட்ட வேண்டும், எவ்விடத்தில் வெட்டி அடுத்த காட்சிக்குப் போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்யாமல் அப்படங்கள் தாமாக உருவாகிவிடவில்லை.

இதற்கு நம்மவர் எல்லோரும் அறிந்த சான்று 1964இல் வந்த "காதலிக்க நேரமில்லை". ஸ்ரீதர் நெறியாள்கை, எழுத்தில் அவரோடு சித்ராலயா கோபு. மகனாகிய நாகேஷ் தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை எஸ்டேட் முதலாளியான தந்தை பாலையாவுக்குச் சொல்லும் காட்சியை யார் மறந்தார்? அக்காட்சியில் பேசுகிறவர் நாகேஷ். சிரிப்போ பாதிக்குமேல் பாலையாவின் முகத்திலிருந்து பிறக்கிறது. நாகேஷின் வசனத்தை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அரைச் சிரிப்பும் வராது. சொல்லுகிறவனுக்கு நேரங் கொடுத்து, கேட்கிறவனுக்கும் நேரங் கொடுத்ததால்தான் அது அறுபது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. நம் மேடைகளிலோ பேசாதிருக்கும் நடிகர் தம் முறை வரும் வரையில் கூட்டத்தில் தம் அத்தை எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடிக்கொண்டு நிற்கிறார்!

"இது வேகமான காலம், மெதுவாகப் போனால் ஜனங்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்" என்று வேறு சிலர் வாதிக்கலாம். நாம் மெதுவை ஆதரிக்கவும் இல்லை. வேகத்தை எதிர்க்கவும் இல்லை. 1990இல் வந்த "மைக்கேல் மதன காமராஜ"னைப் பாருங்கள். கிரேஸி மோகனின் வசனம் ஒரு சிரிப்பு முடியுமுன் மறு சிரிப்பு வந்து மோதும் வேகமுடையது. ஆனால் ஒரே முகமுள்ள நால்வரில் இப்போது நிற்பவர் யார் என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழாதபடி, பேச்சாலும் உடையாலும் இடத்தாலும் சிங்கீதம் சீனிவாசராவ் முன்னதாகவே தெளிவு செய்துவிடுகிறார். நிலைமை தெளிவாயிருந்தால் பேச்சு ஓடலாம். நிலைமை குழம்பியிருந்தால் ஓடுகிற பேச்சு வெறுஞ் சத்தம். வேகம் என்பது வேறு. அவசரம் என்பது வேறு. நம் மேடையில் பெரும்பாலும் காண்பது அவசரமே. வசனம் மறந்துவிடுமோ என்ற அச்சத்திற்கு நாம் வேகம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். மேடை நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கலாம். படத்திலுள்ளவர் காத்திருக்க இயலாது. ஆகவே படமெடுப்பவர் வெறும் அறையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் பிறவாத சிரிப்புக்கு எத்தனை நொடி விடுவது என்று கணிக்க வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்த்து வந்து அதே அளவில் மேடையில் பேசுகிற நம் பிள்ளைகள், கண்முன் இருக்கும் கூட்டத்தின் மூச்சைக் கேட்கத் தவறுகிறார்கள். மேடைக்குரிய பெருஞ் செல்வத்தை மேடையிலேயே தொலைப்பதாகும் இது.

வசனமே இல்லாத படத்திலும் இது பொருந்தும். சார்லி சாப்ளின் 1931இல் வெளியிட்ட "சிட்டி லைட்ஸ்" படத்தில், பார்வையற்ற பூக்காரி ஓர் ஏழையைச் செல்வனென்று தவறாக எண்ண வேண்டும். அவ்வொரு சிறு காட்சியை அவர் 300 தடவைக்கு மேல் எடுத்தார். கடைசியில் கிடைத்த வழி, மோட்டார் வண்டியின் கதவு சாத்தப்படும் ஓசை. கதவு ஓசை கேட்டு அவள் திரும்புகிறாள். ஏழையைச் செல்வனென்று கொள்ளுகிறாள். ஒரு கதவுக்காக உலகப் புகழ் பெற்றவர் அத்தனை பாடுபட்டார். நாமோ இரண்டு ஒத்திகை முடிந்தவுடன் "மேடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம்!

எழுத்து எப்படியிருந்தாலும் நெறியாளர் காப்பாற்றிவிடுவார் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரிக்க வேண்டாம். உப்பில்லாத பண்டத்தை எந்த இலையில் பரிமாறினாலும் உப்பில்லாத பண்டந்தான். உப்பிட்டுச் சமைத்ததை மண்ணில் கொட்டிவிட்டு, சமைத்தவளை ஏசாதீர்கள் என்பதே நம் முறையீடு.

தானா ராத்தா நாடகத்தின் மறுபாதியை இனிச் சொல்லுவோம். அடுத்த ஆண்டு அதையே மறுபடி போட முடிவு செய்தபோது, நெறியாளும் பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைத்தார்கள். அவர் முதலில் செய்த காரியம், இளமையில் கொழுந்து கொய்த ஒரு பாட்டியை ஒத்திகைக்கு அழைத்து வந்ததே. பாட்டி காட்சியைப் பார்த்துவிட்டு, "கிராணி எழுதுறப்போ யாரு தம்பி குதிச்சா? மூச்சுவிட மாட்டோம். அவரு பென்சிலத்தான் பாத்துக்கிட்டு நிப்போம்" என்றார். நெறியாள்கை என்னும் கலையின் முதற்பாடத்தை அவர் அங்கே நடத்தி முடித்தார்.

மத்தளம் விலக்கப்பட்டது. பெண்வேடத்துக்கு உண்மையிலேயே ஒரு பெண் வந்தார். கிராணி தலை நிமிரவே இல்லை. ஒவ்வொரு கழிவையும் எழுதி, பென்சில் முனையை நாவில் தொட்டு, அடுத்ததை எழுதினார். அவளோ விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அசையவில்லை. எண்ண விரல் இல்லாமற்போன பின்பும் பென்சில் ஓடிற்று. அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள். ஒரு கணம் அரங்கில் ஓசையில்லை. பிறகு பின்வரிசையிலிருந்துதான் முதற் சிரிப்பு எழுந்தது. அது முதியவர்களுடைய சிரிப்பு. அங்கிருந்து அது முன்வரிசைக்கு வந்தது. ஏட்டில் ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. நான்கு நிமிடக் காட்சி ஆறு நிமிடமாயிற்று. ஆயினும் பார்த்தவர்கள், "இந்தத் தடவை சுருக்கமாக இருந்தது" என்றார்கள்!

அன்று கிராணியைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. முதல் ஆண்டு அந்தச் சிரிப்பு அவள்மேல் விழுந்திருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள தூரமே நெறியாள்கை.

ஆகவே நாடகம் போடும் தோட்டத்துச் சங்கங்களுக்கும் பட்டணத்து மன்றங்களுக்கும் நாம் சொல்லுவது இது. நெறியாளர் என்று ஒருவரை வையுங்கள். வைத்தபின் அவர் சொல் கேளுங்கள். அவர் நடிக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் அனுமதியின்றி ஒரு மத்தள அடியும், ஒரு வழுக்கி விழுதலும் மேடை ஏறக் கூடாது. ஒத்திகையில் எங்கே பேசுவது என்பதோடு எங்கே பேசாதிருப்பது என்பதையும் பழகுங்கள். ஒவ்வொரு சிரிப்பின்போதும், "இது யார்மேல் விழுகிறது?" என்று நெறியாளர் கேட்கட்டும். குடித்துவிட்டு அடிப்பவன் காட்சியில் அடிபடும் மனைவியின் ஓலத்துக்கும், கறுத்த பெண்ணின் நிறத்துக்கும், திக்கிப் பேசுகிறவனின் நாவுக்கும் சிரிப்பு வாங்குகிற மேடை, எத்தனை கைதட்டல் பெற்றாலும் தோற்ற மேடையே.

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். அங்கே சிரிப்பும் ஏழையின் தலைமேல் மட்டும் உருண்டு விழாதிருக்கட்டும். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதியவரை ஏசுவதை நிறுத்திவிட்டு, அவருடைய ஏட்டை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வாருங்கள். வரும்போது ஒரு பாட்டியையும் அழைத்து வாருங்கள்.